நாற்பத்தோராம் குப்பி

சளிக்குப்பி கழுவுகிற வேலைக்குக் கை பழகுவதற்கு முன்னால் மூக்கு பழகவேண்டும். வீட்டு ஆளைக் காசநோய் வார்டில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள்.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டுச் சுதந்திரத்துக்கு, முந்திய வருஷம் என் வீட்டுக்காரர் இருமிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார். போனவரை அங்கேயே படுக்கவைத்துவிட்டார்கள். அப்போது எனக்கு ஏழு மாதம். செல்வி பிறந்து, தவழ்ந்து, பல் முளைத்தும் அவர் அவளைத் தொட்டதில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் அனுப்பமாட்டார்கள். மூன்று தடவை சளி எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதைக் குப்பியில் போட்டு எட்டு வாரம் பார்ப்பார்கள். மூன்றிலும் கிருமி முளைக்காவிட்டால் வீட்டுக்கு. ஒன்றில் முளைத்தாலும் முதலிலிருந்து ஆரம்பம்.

நாங்கள் காஜா பெராங்கில், கம்போங் செட்டி கிராமத்தில், ராஜா அபாங் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தோம். அபாங் என்றால் மலாயில் அண்ணன்; அவர் ஆஸ்பத்திரி லேபில் உதவியாள். செட்டி ஆட்கள் பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து கலந்துபோன நம் ஆட்கள், சாமி நம் சாமிதான், பேச்சு மட்டும் மலாய். அவர் பேசியதையெல்லாம் நான்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். என்னைக் குப்பி கழுவச் சேர்த்துவிட்டது அவர். செல்வியைப் பகலில் பார்த்துக்கொண்டது அவர் மனைவி. எனக்கு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு சரி. ஆனால் நம்பர் அழகாக எழுதுவேன். லேபில் அது போதும் என்றார்கள்.

லேபுக்குப் பெரியவர் டாக்டரம்மா. சிரம்பானில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரர். காசநோய்க் கிருமியும் குஷ்டநோய்க் கிருமியும் ஒரே குடும்பமாம். அந்தக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு பல வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தால் நான் பக்கத்தில் போய் நிற்பது கால் மணி நேரம் கழித்துத்தான் தெரியும். நானும் கூப்பிடமாட்டேன். எனக்குக் கூச்சம், அவருக்கு வேலை. அப்படியே ஒத்துப்போனோம்.

முடியாத கல்யாணம்

கிருமி பட்டினி கிடந்தால் முளைக்காது. அதற்குச் சாப்பாடு முட்டை. அதுவும் அன்றைக்கு இட்ட முட்டை, மருந்து எதுவும் கொடுக்காத கோழியின் முட்டை. வாங்கி வந்து சோப்புப் போட்டுத் தேய்த்து, உடைத்து, துணியில் வடிகட்டி, பச்சைச் சாயம் கலந்து, குப்பியில் ஊற்றிச் சாய்த்துவைத்து அவிப்போம். பார்க்கப் பச்சை நிற இட்லி மாதிரி இருக்கும். என் மகளுக்கு வாரத்தில் இரண்டு முட்டை. கிருமிக்கு வாரத்தில் ஐந்து டஜன்.

பாசாரில் முட்டை விற்ற சீனருக்கு நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரியாது. சொன்னால் எனக்கு விற்கமாட்டார், என் பின்னால் நிற்கிறவர்களுக்கும் விற்கமுடியாது. முதல் தடவை இத்தனை முட்டை எதற்கு என்று கேட்டார். வாயில் வந்தபடி "கல்யாணம்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரமும் கேட்டார். வேறு பொய் யோசிக்க எனக்குத் தைரியமில்லை. அதையே சொன்னேன். ஐந்தாவது வாரம் எண்ணிப் போட்டுக்கொண்டே மலாயில் மெதுவாகச் சொன்னார்: "உங்க வீட்ல பொண்ணுங்க தீரவே மாட்டாங்க போலிருக்கே. எனக்கும் ஒரு தம்பி இருக்கான்."

இருமக் கற்றுக்கொடுத்தல்

குப்பியைக் கொடுத்துச் சளி துப்பச் சொன்னால் பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொடுப்பார்கள். எச்சிலில் ஒன்றும் தெரியாது. நெஞ்சுக்கு அடியிலிருந்து வரவேண்டும். எஸ்டேட்டிலிருந்து வரும் தமிழ் ஆட்களுக்கு இதை விளக்க அங்கே ஆள் இல்லை. மிஸி, அதாவது நர்ஸ், சீனப்பெண், அவர் கையைக் காட்டினால் இவர்கள் கும்பிட்டார்கள். அதனால் டாக்டரம்மா என்னைப் போய்ச் சொல்லச் சொன்னார்.

இருபது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். முந்தானையால் வாயை மூடி, மூச்சை இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமிக் காட்டினேன். சத்தமே இல்லை. பின்னாலிருந்து ஒரு பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை என்றார். மறுபடி இருமினேன். வீட்டுக்காரரின் இருமலை ஒரு வருஷம் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன் அல்லவா, அது அப்படியே வந்துவிட்டது. பிறகு அந்தப் பெரியவர் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்திவைத்தார்: "நீ உட்காரு தாயி. எங்களைவிட உனக்குத்தான் முத்திப்போயிருக்கு."

கடன் வாங்கிய சளி

வீட்டுக்குப் போகிற அவசரத்தில் மனிதன் என்னவெல்லாம் செய்வான் என்று அந்த வார்டில் பார்த்தேன். லாரி ஓட்டிய ஒருவருக்கு மூன்றாவது குப்பி. தன் சளியை அவர் நம்பவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் கன்னம் உப்பி, நன்றாகச் சாப்பிட்டு, சிரித்துக்கொண்டு இருப்பார். அவரிடம் ஒரு டின் பாலைக் கொடுத்துவிட்டு அவர் சளியை வாங்கித் தன் குப்பியில் அனுப்பிவிட்டார்.

மூன்றாவது வாரமே குப்பி முழுக்க ரொட்டித்தூள் கொட்டியதுபோலக் கிருமி. அவ்வளவு சீக்கிரம் அப்படி முளைத்து நான் பார்த்ததில்லை. டாக்டரம்மாவே இரண்டு தடவை நம்பரைச் சரிபார்த்தார். கூப்பிட்டு விசாரித்தபோது லாரிக்காரர் உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் சொந்தச் சளியை எடுத்துப் பார்த்ததில் எட்டு வாரத்திலும் ஒன்றும் முளைக்கவில்லை. அது பிறகு. அன்றைக்கு அவர் பக்கத்துப் படுக்கையைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "நல்ல சளின்னு நம்பி வாங்கினேன். பாலை மட்டும் குடிச்சிட்டியேடா."

வராத விருந்தாளி

காசநோய்க் கிருமி நிதானமானது என்றால் குஷ்டநோய்க் கிருமி அதைவிட மோசம். குப்பியில் முளைப்பதே இல்லை. உலகத்தில் யாரும் முளைக்கவைத்ததில்லையாம். டாக்டரம்மா விடவில்லை. முட்டையை மாற்றுவார், சூட்டை மாற்றுவார், ஒரு தடவை இளநீர் ஊற்றிப் பார்த்தார். அந்தக் குப்பிகளுக்குத் தனித் தட்டு. சனிக்கிழமைதோறும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நோட்டில் ஒரு வார்த்தை எழுதுவார். மறுபடி உள்ளே வைப்பார்.

என்ன எழுதுகிறார் என்று அபாங்கிடம் கேட்டேன். எல்லாப் பக்கத்திலும் 'இல்லை' என்றுதான் இருக்கிறது என்றார். நோட்டுகள் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இருந்தன. எனக்குத் தாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை, கூச்சத்தை விட்டு, ஒன்றும் வராததை எதற்கு எழுதவேண்டும் என்று கேட்டுவிட்டேன். நான் அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் பேனாவை மூடவில்லை. "இல்லை எண்டு எழுதுறதுக்கும் பார்க்கத்தானே வேணும், பிள்ளை."

ஒரே பைஜாமா

வீட்டுக்காரருக்கு இரண்டு குப்பி சுத்தம் என்று வந்தது. அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. மெர்டேக்கா அன்றைக்கு வெளியே இருப்பேன், செல்வியைத் தோளில் தூக்கிக்கொண்டு பண்டார் ஹிலிர் பாடாங் திடலுக்குப் போவேன் என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வியை வேலிக்கு இந்தப் பக்கம் தூக்கிப் பிடித்தேன். அந்தப் பக்கம் பத்தடி தள்ளி மரத்தடியில் அவர் நின்றார். பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர், எல்லோருக்கும் ஆஸ்பத்திரியின் கோடுபோட்ட பைஜாமா. "அப்பா பாரு, அப்பா" என்றேன். அவள் நன்றாகப் பார்த்தாள். சிரித்தாள். இரண்டு கையையும் நீட்டி, கடைசியில் நின்ற ஒரு வழுக்கைத் தலைக்காரரிடம் தாவினாள். அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டார். என் வீட்டுக்காரர்தான் என்னைத் தேற்றினார்: "விடு அஞ்சலை. எல்லாருக்கும் ஒரே துணியைக் கொடுத்தா அது என்ன செய்யும்."

ஒரு சிட்டிகை

மூன்றாவது குப்பிக்கு முறை வந்தது. எங்கள் லேபில், வார்டில் ஆளுக்குக் கொடுத்த நம்பர்தான் குப்பி நம்பர். நான் கழுவி, காயவைத்து, நம்பர் எழுதின காகிதத்தை ஒட்டுவேன். அதன்பிறகுதான் முட்டை ஊற்றுவது. அவர் நம்பர் நாற்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை. காலையில் தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசிவிட்டு, மீதியைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகி வந்திருந்தேன். என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாற்பத்தொன்று ஒட்டவேண்டிய குப்பியை மட்டும் தனியாக எடுத்தேன். ஒரு சிட்டிகை மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து அதற்குள் ஊற்றி, மூன்று சுற்றுச் சுற்றிக் கொட்டிவிட்டு, அப்படியே காயவைத்தேன். கயிற்றுக்குப் பூசினால் ஆள் நன்றாக இருப்பார் என்றால், குப்பிக்கும் பூசிவைத்தால் என்ன என்று இருந்திருக்கும். வேறு யார் குப்பிக்கும் செய்யவில்லை. அது தப்பு என்றும் தோன்றவில்லை.

அபாங் உள்ளே வந்தபோது குப்பி காய்ந்துவிட்டது. என் விரல் காயவில்லை. மஞ்சளாக இருந்த விரலைப் பார்த்தார், நான் பின்னால் மறைத்ததையும் பார்த்தார். வீட்டில் சமைத்த கையோடு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னார்: "மஞ்சள் இருக்கு, முட்டை இருக்கு. ஒரு மீனையும் கொண்டு வந்திருந்தா இங்கேயே அசாம் பெடாஸ் குழம்பு வச்சிருக்கலாம்."

கோயிலில் கேட்கவேண்டியது

எட்டு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, நாற்பத்தொன்றில் ஒன்றும் இல்லை. பச்சை அப்படியே பச்சையாக இருந்தது. டாக்டரம்மா சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, வார்டுக்கு அனுப்பவேண்டிய தட்டில் வைத்தார். திங்கட்கிழமை வீட்டுக்கு. வீட்டுக்காரர் துணியை மூட்டை கட்டிவிட்டார். தன் தட்டையும் டம்ளரையும் பக்கத்துப் படுக்கைக்குத் தானம் கொடுத்தாகிவிட்டது. மெர்டேக்காவுக்குப் பதினாறு நாள் இருந்தது.

அன்றைக்குப் பார்த்து கோலாலம்பூரிலிருந்து ஒரு சின்ன டாக்டர் வேலை பழக வந்திருந்தார், தமிழ்ப் பையன். டாக்டரம்மா அவருக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். நான் தொட்டியில் குப்பி தேய்த்துக்கொண்டிருந்தேன். "குப்பிக்குள்ளை ஒரு துளி மருந்து ஒட்டியிருந்தாலும் கிருமி முளைக்காது. ஆள் சுகம் எண்டு நினைச்சு நாங்கள் அனுப்பிப்போடுவம். வீட்டிலை பிள்ளைக்கு வரும். கைக்குழந்தைக்கு வந்தால் மூளைக்குப் போகும்" என்று சொன்னார். பிறகு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்.

நான் அந்த ஒரு குப்பியையே வெகுநேரம் தேய்த்தேன். அடிபட்ட காயத்துக்கு மஞ்சள் வைக்கிறோம். அம்மைக்கு மஞ்சள். அது மருந்து இல்லாமல் வேறு என்ன?

வெள்ளி போயிற்று. சனிக்கிழமை மத்தியானம்வரை வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வேலை போகும். அவர் இன்னும் எட்டு வாரம் உள்ளே. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை செல்வியை அவர் மடியில் வைக்கவேண்டும். வார்டுக்குச் சீட்டு எடுத்துப்போக ஆள் வந்தபோது என் கால் தானாகப் போய் டாக்டரம்மா பக்கத்தில் நின்றது. அவர் மைக்ராஸ்கோப்பில் இருந்தார். கால் மணி நேரம் காத்திருக்க முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய மனுஷியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனை குப்பி என்று கேட்டார். ஒன்று என்றேன். எவ்வளவு மஞ்சள்? ஒரு சிட்டிகை. எவ்வளவு தண்ணீர்? காட்டினேன். அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டார். தட்டிலிருந்து நாற்பத்தொன்றின் சீட்டை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கடவுளிட்டைக் கேக்கிறதெண்டால் கோயிலிலை போய்க் கேளும், பிள்ளை. என்ரை குப்பியிலை கேளாதேயும்."

வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

சுதந்திரம்

வீட்டுக்காரரிடம் நானே போய்ச் சொல்லவேண்டும் என்றார் டாக்டரம்மா. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். பத்தடி தள்ளி நிற்பவரிடம் ரகசியம் பேசமுடியாது. மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவர் மூட்டையை அவிழ்க்கப் போய்விட்டார். தானம் கொடுத்த தட்டைத் திரும்பக் கேட்க வெட்கப்பட்டு இரண்டு நாள் இலையில் சாப்பிட்டார் என்று மிஸி சொல்லித் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் வெளியே வரவில்லை. வழுக்கைத் தலைக்காரர்தான் வந்து செல்விக்குக் கையாட்டினார்.

மெர்டேக்கா அன்றைக்கு லேபுக்கு லீவு. ஊரெல்லாம் பாடாங்கில். நான் செல்வியைத் தூக்கிக்கொண்டு வேலிக்குப் போனேன். வார்டு வராந்தாவில் ரேடியோவை வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கோலாலம்பூரில் மெர்டேக்கா, மெர்டேக்கா என்று கூப்பிடுகிற சத்தம் வேலிவரை கேட்டது. இவர்களும் கூடவே கூப்பிட்டார்கள். பாதியில் எல்லோருக்கும் இருமல் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து மரத்தடிக்கு வந்தார். இரண்டு வாரமாகச் சேர்த்துவைத்திருந்த பேச்சு அது: "நாட்டையே விட்டுட்டான் வெள்ளைக்காரன். என்னை விடமாட்டேங்குது உன் மஞ்சள்."

பத்தும் பத்தும்

டாக்டரம்மா இதை அத்தோடு விடவில்லை. ஆராய்ச்சிக்காரர்களிடம் தப்பைச் சொன்னால் மன்னிப்பதற்கு முன்னால் அதை அளந்து பார்ப்பார்கள். இருபது குப்பி எடுத்தார். பத்தை வெறுமனே கழுவச் சொன்னார். பத்தை, நான் அன்றைக்குச் செய்த மாதிரியே, அதே ஒரு சிட்டிகை மஞ்சள், அதே மூன்று சுற்று. நான் செய்வதைச் சின்ன டாக்டர் பக்கத்தில் நின்று கடிகாரத்தோடு பார்த்து எழுதிக்கொண்டார். என் வெட்கத்தை அவர் எந்தப் பத்தியில் எழுதினார் என்று தெரியாது. இருபதிலும் நல்ல உயிருள்ள காசநோய்க் கிருமியைப் போட்டார்கள். இருபத்தோராவதாக வீட்டுக்காரரின் புதுச் சளி, வெறும் குப்பியில். அந்தக் குப்பியை மட்டும் அபாங் கழுவினார். என்னைத் தொட விடவில்லை.

எட்டு வாரமும் நான் அந்தத் தட்டுப் பக்கம் திரும்பவில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். இருபது குப்பியையும் வரிசையாக வைத்திருந்தார். வெறும் குப்பி பத்திலும் ரொட்டித்தூள். மஞ்சள் குப்பி பத்திலும் அதே ரொட்டித்தூள். ஒன்றில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. என் மஞ்சளுக்கு ஒரு கிருமிகூடப் பயப்படவில்லை. அப்படியானால் அன்றைய குப்பி பொய் சொல்லவில்லை. இதைக் கணக்குப் போட்டு விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு இருபத்தோராவதை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், மறுபடி பிடித்தார். அபாங் மூச்சு விடுவது கேட்டது. நோட்டில் பேனா ஓடுகிற சத்தமும் கேட்டது. ஒரே வார்த்தை. "இல்லை எண்டு எழுதியிருக்கு. கண்ணைத் திறவும். இனி நீர் உம்மட மஞ்சளைக் கறிக்குப் போடலாம்."

வாசலில்

வீட்டுக்காரர் வந்த அன்றைக்கு அபாங்கின் சரோங்கும் புதுச் சட்டையும் போட்டிருந்தார். கோடுபோட்ட பைஜாமா இல்லாமல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பத்தடி தள்ளியே நின்றார். வேலி இல்லாத இடத்திலும் அவருக்குக் கால் வரவில்லை. வாசலுக்குப் போய் நான்தான் செல்வியை நீட்டினேன். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வீல் என்று கத்தினாள். அவர் தூக்கிக்கொண்டார். கத்தக் கத்த வைத்துக்கொண்டிருந்தார். அவள் அவர் முகத்துக்கு நேராக நன்றாக அழுதாள், மூக்கு ஒழுகியது, அவர் சட்டையில் துடைத்தாள். துடைத்துவிடப் போன என் கையைத் தள்ளிவிட்டார்.

மஞ்சள் ஒன்றும் செய்யவில்லையாம் என்ற விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். அதற்கு முன் சொல்ல வாய் வரவில்லை. மூன்றாவது குப்பி உண்மையிலேயே சுத்தம்தான், அன்றைக்கே வந்திருக்கலாம் என்றேன். அவர் செல்வியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "அப்ப ரெண்டு நாள் நான் இலையில சாப்பிட்டது வீண்தானே."

ஆமாம், சொல்லாமலே இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதுதான், ஆனால் அது எனக்குத் தெரிந்ததே சொன்னதால்தான்.